வண்ணாரப்பேட்டை பிரேம் கடையும் கொக்தெபெல் மலைகளும்

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டின் ஜவுளிக் கூட்டத்தைத் தாண்டி உள்ளே போகும் ஒரு சந்தில், நீர்வண்ண ஓவியத்துக்கு எப்படிச் சட்டம் போட வேண்டும் என்று தெரிந்த கடை ஒன்று இருக்கிறது. ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரைக்கும் படம் வரைகிற பிள்ளைகள் எவ்வளவோ பேர். நான் திருவொற்றியூரில் டிராயிங் டீச்சர், தினம் பார்க்கிறேன். அவர்கள் வரைந்ததெல்லாம் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டுப் பரண்மேல் கிடக்கிறது. அந்தப் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நம் பக்கத்துப் பிரேம் கடைகளில் வழக்கமாக நடப்பது இதுதான். படத்தை வாங்கி, எம்.டி.எஃப் பலகையில் பசை தடவி ஒட்டி, மேலே பளபளப்பான லேமினேஷன் தாளை வைத்துச் சூட்டோடு அழுத்தி, ஓரத்தில் கறுப்பு டேப்பைச் சுற்றிக் கொடுப்பார்கள். 250 ரூபாய், அரை மணி நேரம். அச்சடித்த சாமி படத்துக்கு அது சரி. கல்யாண போட்டோவுக்கும் சரி. கையால் வரைந்த வாட்டர்கலர் தாளை அப்படி ஒட்டிவிட்டால் அதோடு முடிந்தது. பிசின் தாளுக்குள் இறங்கிவிடும், பிறகு எந்தக் கொம்பனாலும் அதைப் பிரிக்க முடியாது. தாளின் சொரசொரப்பு போய்விடும். வண்ணம் தாளின் மேட்டிலும் பள்ளத்திலும் வெவ்வேறாகத் தங்கி ஒளியைத் திருப்பி அனுப்புவதுதான் நீர்வண்ணத்தின் உயிர். பளபளப்புத் தாள் முதலில் கொல்வது அதைத்தான்.

இந்தக் கடைக்கு நான் முதலில் எடுத்துப் போனது என் படம் இல்லை. அப்பா துறைமுகத்தில் விஞ்ச் (சரக்கு தூக்கும் இயந்திரம்) ஓட்டியவர். எண்பதுகளின் கடைசியில் ஒரு சோவியத் கப்பல் மாலுமிக்கு நம்ம ஊர் டீத்தூள் பொட்டலம் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். அந்த ஆள் பதிலுக்கு ஓர் உறை நிறைய, ரஷ்ய இயற்கைக்காட்சி ஓவியங்கள் அச்சடித்த பட அட்டைகளைக் கொடுத்தாராம். கருங்கடலோரம் இருக்கும் ஃபியோதோசியா அவருடைய ஊர். அப்பா அதை எல்.ஐ.சி. பாண்டு வைக்கும் பெட்டியிலேயே பத்திரப்படுத்தி வைத்திருந்தார். அதிலிருந்து நாலு அட்டைகளைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்ட வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை.

ரஷ்ய இயற்கைக்காட்சி ஓவியம் என்றால் என் வயதுக்காரர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது சோவியத் பத்திரிகைகளின் வழவழப்பான தாள். பாதி வடசென்னைப் பிள்ளைகளின் பாட நோட்டுக்கு அட்டை அதுதான். என் கணக்கு நோட்டுக்குப் பல வருஷம் பைன் காட்டில் கரடிக்குட்டிகள் விளையாடிக்கொண்டிருந்தன. அது ஷிஷ்கின் 1889-ல் வரைந்த படம். கரடிகளை வரைந்தவர் அவருடைய நண்பர் சவீத்ஸ்கி. படத்தை வாங்கிய திரெத்தியாகோவ், சவீத்ஸ்கியின் கையெழுத்தை அழித்துவிட்டார். அசலின் அகலம் 2 மீட்டருக்கும் மேல். மாஸ்கோவில் கனமான சட்டத்துக்குள் அது தொங்குகிறது, அந்தக் கனத்தைத் தாங்கவும் செய்கிறது. எண்ணெய் வண்ணம், பெரிய மரங்கள், அடர்ந்த நிழல்.

அந்தத் தலைமுறையில் என் மனசுக்கு நெருக்கமானவர் லெவிதான். அவருடைய ஆசிரியர் சவ்ராசவ், 1871-ல், ஊர் ஊராகக் கண்காட்சி நடத்திய பெரெத்விஷ்னிகி ஓவியர்களின் முதல் கண்காட்சியில் காகங்கள் கூடு திரும்பும் படத்தை வைத்தவர். உருகும் பனி, நாலைந்து பிர்ச் மரம், பின்னால் ஒரு சின்ன தேவாலயம், அவ்வளவுதான் படம். பெரிய மலையோ அருவியோ எதுவும் இல்லாத சாதாரண ஊர்ப்புறத்தையும் வரையலாம் என்று அந்தப் படம் சொன்னது. லெவிதான் அதை இன்னும் தூரம் கொண்டுபோனார். 1892-ல் அவர் வரைந்த விளாதிமிர் சாலைப் படத்தில் பெரும்பாலும் ஒரு மண் ரோடும் சாம்பல் வானமும்தான் இருக்கின்றன. கைதிகளைச் சைபீரியாவுக்கு நடத்திக் கூட்டிப்போன பாதை அது. படத்தில் ஒரு கைதிகூடக் கிடையாது. அது எந்தப் பாதை என்று தெரிந்த பிறகு அந்த ரோட்டைச் சும்மா ரோடாகப் பார்க்க முடிவதில்லை.

ஆனால் அப்பாவுக்குக் கிடைத்த உறையில் இருந்தவர் இவர்களில் ஒருவரும் இல்லை. மாக்ஸிமிலியன் வோலோஷின். ரஷ்யாவில் கவிஞராகப் பேர் பெற்றவர். ஓவியராக அவரைத் தெரிந்தவர்கள் குறைவு, நம் பக்கம் அநேகமாக ஒருவருமில்லை. 1877-ல் கீவ் நகரில் பிறந்தார். 1893-ல் அம்மாவோடு, கருங்கடலுக்குள் நீளும் கிரீமியாவின் தென்கிழக்குக் கரையில் இருக்கும் கொக்தெபெல் என்ற கடலோரச் சிற்றூருக்கு வந்தார். ஃபியோதோசியாவில் படித்தார், பிறகு பாரிஸில் ஓவியம் பழகினார். எங்கே சுற்றினாலும் கொக்தெபெலுக்கே திரும்பி வந்தார், 1932-ல் அங்கேயே இறந்தார். ஊருக்குப் பக்கத்தில் கரா-தாக் என்று அவிந்துபோன எரிமலை ஒன்று கடலுக்குள் இறங்குகிறது. அதன் ஒரு பாறை விளிம்பு வோலோஷினின் தாடி வைத்த பக்கவாட்டு முகம் போலவே இருக்கும். அதை அவரே கவிதையில் எழுதியிருக்கிறார்.

அதே கரையில் அவருக்கு முன்னால் வாழ்ந்த பெரிய ஓவியர் ஐவாசோவ்ஸ்கி, அலைகளின் ராஜா. ஃபியோதோசியாவில் பிறந்து அங்கேயே மறைந்தவர். கப்பல் உடைவது, புயல், நிலவு என்று எல்லாமே பெரிய கான்வாஸ். வோலோஷின் அதே கடலை ஒரு நோட்டுப் பக்கம் அளவுத் தாளில், மெல்லிய காவியிலும் ஊதாவிலும் சாம்பல் நீலத்திலும் வரைந்தார். மரமே இல்லாத வறண்ட குன்றுகள், வளைந்து வளைந்து போகும் குடா, அடுக்கடுக்காக மேகம். ஆள் அரவம் கிடையாது. ஆயிரக்கணக்கில் வரைந்து, வந்த விருந்தாளிக்கெல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

அவர் நீர்வண்ணத்துக்கு வந்த காரணம் எனக்கு மிகவும் பிடித்தமானது. முதல் உலகப் போர் நடக்கும்போது கடலோரத்தில் உட்கார்ந்து படம் வரைகிறவனை உளவாளி என்று சந்தேகப்பட்டுப் பிடித்துப் போகும் நிலைமை இருந்தது. அதனால் இடத்தைப் பார்த்து வரைவதை விட்டார். வீட்டுக்குள் மேசைமேல் தாளை வைத்து நினைவிலிருந்து வரைய ஆரம்பித்தார். நீர்வண்ணத்துக்கு வேண்டியது மேசையும் நிழலும்தான், வெயிலில் நிறுத்தும் ஓவியத் தாங்கி (ஈஸல்) அதற்கு ஆகாது என்பது அவர் கட்சி. அந்தத் தடை தன்னை இயற்கையோடு கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டது, தன் ஓவியத்துக்கு அது நன்மையே செய்தது என்று பின்னாளில் எழுதினார். வண்ணத்திலும் சிக்கனம், நேரத்திலும் சிக்கனம், தேவையில்லாத ஒரு தீற்றல்கூட வரக்கூடாது என்பதில் கறாராக இருந்தார். ஜப்பானிய ஓவியர்களைக் கூர்ந்து பார்த்துக் கற்றுக்கொண்டது அது.

முடித்த படத்தின் அடியில் தன் கையாலேயே ஓரிரு கவிதை வரிகளை எழுதிவிடுவார். கடையைப் பற்றிச் சொல்ல வேண்டியதும் இங்கேதான் தொடங்குகிறது.

கடைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறோம். நான் கொடுத்த பட அட்டைகளை வாங்கியதும் அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். பிறகு வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அளவு எடுக்கவில்லை, விலை சொல்லவில்லை.

"டீச்சர், கீழ ஏதோ எழுதிக்கீதே. இது படத்தோட சேர்ந்ததா, இல்ல அட்டைக்காரன் போட்டதா?"

"சேர்ந்ததுதான் பாய். வரைஞ்சவரே எழுதினது. அது கவிதை."

"அப்ப மவுண்ட் அதை மறைக்கக் கூடாது. நாலு பக்கமும் ஒரே மாதிரி வெட்டினா எழுத்து போயிரும். கீழ ஜாஸ்தி விட்டு வெட்டறேன்."

மவுண்ட் என்பது சட்டத்துக்குள் படத்தைச் சுற்றி வைக்கும், நடுவில் ஜன்னல் போல வெட்டிய அட்டை. இதுவரை நான் ஏறி இறங்கிய எந்தக் கடையிலும் யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. ஓரத்தில் இருக்கும் எழுத்தை அழுக்கு மாதிரி நினைத்து மறைத்துவிடுவார்கள், சில சமயம் வெட்டியே எடுத்துவிடுவார்கள். இவருக்கு ரஷ்ய மொழி தெரியாது, வோலோஷின் யாரென்றும் தெரியாது. அந்த வரிகள் படத்தில் ஏன் இருக்கின்றன என்று கேட்கத் தெரிந்திருக்கிறது.

அடுத்தது மவுண்ட் நிறம். நான் வெள்ளை என்றேன். அவர் பளிச் வெள்ளை மவுண்ட் அட்டையைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். வோலோஷினின் வானம் உடனே அழுக்காகத் தெரிந்தது. பிறகு லேசாகப் பழுத்த வெள்ளை ஒன்றை வைத்தார். மேகத்துக்கு அடியில் அவர் வண்ணம் பூசாமல் விட்ட தாளின் வெண்மை அப்போதுதான் வெளிச்சமாக எழுந்து வந்தது. நீர்வண்ணத்தில் வெள்ளை வண்ணம் பூசுவதில்லை, தாளை விட்டுவைப்பதுதான் வெள்ளை. சுற்றிலும் அதைவிட வெள்ளையான ஒன்றை வைத்தால் படத்தின் சூரியனே அணைந்துவிடும். வகுப்பில் நான் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்திருக்கிறேன். ஒரு பிரேம் கடைக்காரர் இரண்டு அட்டைகளை மாற்றி வைத்து அதைக் காட்டிவிட்டார்.

மவுண்டின் அகலத்தையும் தாராளமாக வைத்தார். படம் கையளவு, சுற்றிலும் 3 அங்குல வெற்றிடம், கீழே இன்னும் கொஞ்சம் கூடுதலாக. மெல்லிய தேக்குச் சட்டம், பாலிஷ் இல்லாமல். ஷிஷ்கினுக்குப் பொருந்தும் தங்கப் பூச்சுச் சட்டம் கடையில் அடுக்கியிருந்தது, அதை அவர் எடுத்துக்கூடக் காட்டவில்லை.

உள்ளே செய்யும் வேலையைக் கேட்டால் ஒளிக்காமல் சொல்கிறார். சாதாரண அட்டை மரக்கூழில் செய்தது, அதில் அமிலம் உண்டு. சில வருஷம் போனால் மவுண்ட் வெட்டிய ஓரத்தை ஒட்டிப் படத்தில் பழுப்புக் கோடு விழும். அதனால் படத்தைத் தொடும் அட்டை ஆசிட் இல்லாததாக இருக்க வேண்டும். பின்னால் ஹார்டுபோர்டு வைத்தாலும் நடுவில் அந்த அட்டை ஒன்று இருந்தாக வேண்டும். ஒட்டுவது மாவுப் பசையால், மெல்லிய தாள் துண்டு இரண்டை மேல் ஓரத்தில் மட்டும் கீல் போல வைத்து. பாக்கி மூன்று பக்கமும் சும்மா தொங்கும். மழைக்காலத்தில் தாள் ஈரம் குடித்து விரியும், மே மாதத்தில் சுருங்கும், அதற்கு இடம் வேண்டும். செலோடேப், ஃபெவிகால் இரண்டையும் அவர் மேசையில் நான் பார்க்கவே இல்லை. கண்ணாடி படத்தைத் தொடாது. தொட்டால் உள்ளே வேர்த்து, அங்கேயே பூஞ்சை பிடித்துவிடும். கடைசியாகப் பின்பக்கம் முழுக்கக் காகிதம் ஒட்டி அடைக்கிறார், பூச்சி நுழையாமலிருக்க.

ஆணி விஷயத்தில் அவர் காட்டும் பிடிவாதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் பக்கத்துக் காற்று உப்புக்காற்று. காசிமேட்டில் ஜன்னல் கம்பி எத்தனை வருஷம் தாங்கும் என்று குடியிருப்பவர்களுக்குத் தெரியும். சாதா ஆணி துருப்பிடித்து, அந்தத் துரு ஈரத்தோடு அட்டைக்குள் இறங்கும். அவர் துருப்பிடிக்காத சின்ன ஆணியைத்தான் அடிக்கிறார். அதற்காக 40 ரூபாய் கூடக் கேட்டார், சந்தோஷமாகக் கொடுத்தேன்.

கடல் காற்றும் படமும் என்றதும் எனக்கு ரஷ்ய ஓவியர் குயிஞ்சி ஞாபகம் வந்துவிடுகிறது. நீப்பர் நதியில் நிலவொளி விழும் படம் ஒன்றை 1880-ல் அவர் பீட்டர்ஸ்பர்க்கில் காட்சிக்கு வைத்தார். அந்த ஒரே படம்தான் கண்காட்சி. ஜன்னல்களை மூடி, இருட்டு அறையில் விளக்கு வெளிச்சத்தில் காட்டினார். நிலவு உண்மையாகவே எரிகிறது என்று ஊரே திரண்டது. இளவரசர் கான்ஸ்தாந்தின் கான்ஸ்தாந்தினோவிச் அதை வாங்கித் தன் கப்பலில் கடற்பயணத்துக்கு எடுத்துப் போனார். எழுத்தாளர் துர்கனேவ் வேண்டாமென்று மன்றாடியும் கேட்கவில்லை. குயிஞ்சி பயன்படுத்திய வண்ணமும் நிலைத்து நிற்காத வகை. ஓவியம் கருத்துப்போனது. அந்தக் கதையைப் பாயிடம் சொன்னபோது அவர் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார். "பெரிய இடத்துப் பசங்களே இப்படின்னா..." என்று மட்டும் சொன்னார்.

அட்டைகள் திரும்பி வந்ததைப் பார்த்த பிறகுதான் என் மாணவி ஒருத்தியின் படத்தை அவரிடம் தரும் தைரியம் வந்தது. இது அசல், ஒன்றே ஒன்று. எண்ணூர் முகத்துவாரம், கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம். நாங்கள் ஒரு ஆலை மதிலுக்கு இந்தப் பக்கம் கரையில் உட்கார்ந்து வரைய ஆரம்பித்ததும் காவலாளி வந்து, இங்கே படம் எடுக்கவும் கூடாது, வரையவும் கூடாது, எழுந்து போங்கள் என்றுவிட்டார். பிள்ளைகளுக்கு முகம் செத்துப்போனது. திரும்பும் வழியில் பஸ்ஸில் நான் அவர்களுக்குக் கொக்தெபெல்காரர் கதையைச் சொன்னேன். கிரீமியாவின் யாலித்தாவில் காசநோயோடு கிடந்தபடியே, தூரத்து வடக்கின் நனைந்த புல்வெளியை 1872-ல் நினைவிலிருந்து வரைந்த ரஷ்ய ஓவியர் வசீலியெவ் கதையையும் சொன்னேன். அடுத்த வருஷமே, 23 வயதில் அவர் போய்ச் சேர்ந்தார். அந்தப் பெண் வீட்டில், சமையல்கட்டுத் தரையில் தாளை விரித்து வரைந்துகொண்டு வந்தாள். சாம்பல் படிந்த நீர், தூரத்தில் புகைபோக்கி பென்சில் கோடு மாதிரி, நடுவில் ஒரு படகு. காவலாளி பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்திருந்தால் அவள் மதிலையும் கம்பியையும் சேர்த்தே வரைந்திருப்பாள். நினைவு அதையெல்லாம் தள்ளிவிட்டு ஆற்றை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறது.

தாள் மலிவானது, தண்ணீர் அதிகம் விட்டதில் அப்பளம் போல நெளிந்திருந்தது. மற்றவர்களாக இருந்தால் பலகையில் ஒட்டி நிமிர்த்தியிருப்பார்கள். பாய் பின்பக்கம் மட்டும் லேசாக ஈரம் காட்டி, மையொற்றும் தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கண்ணாடிப் பலகைகளை அடுக்கி ஒரு வாரம் விட்டார். முன்பக்கம் ஒரு சொட்டு நிறம் கலையவில்லை. முழுக்கத் தட்டையாகவும் ஆகவில்லை, கொஞ்சம் அலை பாக்கி இருக்கிறது. "அவ்ளோதான் டீச்சர், இதுக்கு மேல அமுக்குனா தாள் செத்துரும். நெளிவு இருக்கட்டும், கையால செஞ்சதுன்னு தெரியட்டும்" என்றார். சரியான தீர்ப்பு. அந்தப் பெண்ணின் அம்மாவிடமும் படத்தை வெயில் படாத சுவரில், சுவரோடு ஒட்டாமல் மாட்டச் சொல்லி, பின்னால் ஒட்ட இரண்டு சின்ன கார்க் துண்டுகளையும் கொடுத்தனுப்பினார்.

குறைகளையும் சொல்கிறேன். வேலை மெதுவாகத்தான் நடக்கும். வாரம் பத்து நாள் ஆகும், கல்யாண சீசனில் இன்னும் கூட ஆகலாம். அவசரப்பட்டால் வேறு கடைக்குப் போகச் சொல்லிவிடுவார். கண்ணாடி சாதாரணமானதுதான். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியோ, எதிரொளிக்காத கண்ணாடியோ அவரிடம் கிடையாது. என் வீட்டில் எதிர் ஜன்னல் கண்ணாடியில் விழுந்து, ஒரு படத்தைச் சாயங்காலம் பார்க்கவே முடியவில்லை, இடம் மாற்ற வேண்டியிருந்தது. நான்கு சட்டங்களில் ஒன்றின் மூலையில் 45 டிகிரி வெட்டு சரியாகச் சேராமல் மயிரிழை இடைவெளி இருந்தது. அவருடைய மருமகன் வெட்டியதாம். சொன்னதும் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள். ரசீது கையால் எழுதியதுதான்.

விலை: அட்டை அளவுக்கு, ஆசிட் இல்லாத மவுண்டோடு, ஒன்று 650 ரூபாய். மாணவியின் படம் 12-க்கு 16 அங்குலம், நிமிர்த்திய கூலியும் சேர்த்து 1,800. லேமினேஷன் விலையோடு ஒப்பிட்டால் அதிகம்தான். அந்தப் பெண்ணின் வீட்டுக்கு அது பெரிய தொகை, இரண்டு தவணையாக வாங்கிக்கொண்டார். ஆழ்வார்பேட்டைப் பக்கம் இதே வேலைக்கு எனக்குச் சொன்ன விலை இதைப்போல இரண்டு மடங்கு, அங்கேயும் மவுண்ட் பளிச் வெள்ளைதான் காட்டினார்கள்.

ரஷ்ய ஓவியரின் இயற்கைக்காட்சிகளை அசலாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மாஸ்கோ வரைக்கும் போக வேண்டாம். குயிஞ்சியின் மாணவர் நிகோலாய் ரோரிக் இமயத்தின் குல்லு பள்ளத்தாக்கில் தங்கி வரைந்து, 1947-ல் அங்கேயே இறந்தவர். அவருடைய படங்கள் பெங்களூரு சித்ரகலா பரிஷத்தில் இருக்கின்றன. காலை ரயிலில் போய் இரவு திரும்பிவிடலாம். பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள், மலைகளைப் பார்த்த கையோடு சட்டங்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைக்கு வழி: தியாகராயா கல்லூரி மெட்ரோவில் இறங்கி எம்.சி. ரோட்டுக்கு நடந்து வந்து யாரையாவது கேளுங்கள், வாசலில் சாமி படங்களும் மாலை போட்ட பெரியவர்கள் படங்களும் அடுக்கியிருக்கும். பெயரும் போன் நம்பரும் போட வேண்டாம் என்று பாய் கேட்டுக்கொண்டார். வெள்ளிக்கிழமை மதியம் பூட்டியிருக்கும். படத்தைச் சுருட்டாமல் இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து எடுத்துப் போங்கள். 20 அங்குலத்துக்கு மேல் போனால் ஆசிட் இல்லாத அட்டையை அவர் பாரிமுனையிலிருந்து வரவழைக்க வேண்டும், அதனால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.